எட்டாம் வகுப்பில் குழுவாகச் செய்ய, செலவில்லாத பொறியியல் சவால் எது?

செய்தித்தாள் பாலம், அதாவது தாளைக் குழாயாகச் சுருட்டி ஒட்டிக் கட்டுகிற பாலம். வகுப்பில் நாற்பது பேர், செலவுக்குக் காசில்லை, பிள்ளைகள் கையால் ஏதாவது கட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை.

ஸ்பாகெட்டிக் குச்சியால் கோபுரம் கட்டி உச்சியில் மார்ஷ்மெல்லோ என்ற மெத்தென்ற மிட்டாயை வைக்கிற 18 நிமிடப் போட்டியைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பொருட்களைத் தேடி நாம் அலைய வேண்டாம், ஆனால் அதில் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. டாம் வூஜெக் என்ற வடிவமைப்பாளர் பலதரப்பட்ட குழுக்களுக்கு அதை நடத்தியபோது, மேலாண்மை படித்தவர்களைவிட மழலையர் பள்ளிக் குழந்தைகள் உயரமாகக் கட்டினார்கள். படித்தவர்கள் பேசித் திட்டம் போட்டுக் கடைசி நிமிடத்தில் மிட்டாயை ஏற்ற, கோபுரம் சாய்ந்துவிடும். குழந்தைகளோ ஆரம்பத்திலிருந்தே மிட்டாயை வைத்து வைத்துப் பார்த்தார்கள். அதனால் நீங்கள் எந்தச் சவால் கொடுத்தாலும் சரி, ஒரே பீரியடில் முடிக்காதீர்கள். முதல் நாள் கட்டி உடைக்கட்டும், அடுத்த நாள் மறுபடி கட்டட்டும். பாடம் அந்த இரண்டாவது பாலத்தில்தான் இருக்கிறது.

நான் செய்வது இப்படி. நாலு நாலு பேராகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பத்துத் தாள், கொஞ்சம் செலோ டேப். இரண்டு பெஞ்சுக்கு நடுவே 60 செ.மீ. இடைவெளி, பெஞ்சில் டேப் ஒட்டக் கூடாது. பாலத்தின் நடுவில் ஒரு மஞ்சப்பையைத் தொங்கவிட்டு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்களை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். ஒரு பாட்டில் ஏறக்குறைய அரை கிலோ, தராசே வேண்டாம்.

உடைகிற நொடியில் எல்லோரும் கத்துவார்கள், கத்தட்டும். சத்தம் அடங்கியதும் எந்த இடம் முதலில் போனது என்று கேளுங்கள். பெரும்பாலும் தாள் கிழிந்திருக்காது. தளர்வாகச் சுருட்டிய குழாய் நடுவில் மடங்கியிருக்கும், இல்லையென்றால் மூட்டு நழுவிச் சதுரமெல்லாம் சாய்சதுரமாகியிருக்கும். அப்போது குப்பையிலிருந்து அறிவியல் பொம்மை செய்யக் கற்றுத்தரும் அரவிந்த் குப்தா பரப்பிய, தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளால் இணைக்கிற விளையாட்டைக் கையில் கொடுங்கள். நாலு குச்சிச் சதுரம் தொட்டாலே சாயும், மூன்று குச்சி முக்கோணம் அசையாது. கையோடு 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் படத்தையும் காட்டுங்கள், கப்பலுக்காகத் தூக்கிய அந்த நடுப்பகுதியில் முக்கோணங்களை அவர்களே எண்ணத் தொடங்கிவிடுவார்கள். அப்புறம் ஒல்லியான குழாயின் நீளத்தைப் பாதியாக்கினால் அது வளையாமல் நான்கு மடங்கு அழுத்தம் தாங்கும் என்று 18ஆம் நூற்றாண்டிலேயே ஆய்லர் என்ற கணித மேதை கணக்குப் போட்டதைச் சொன்னால், அந்த நேரத்தில் அது மண்டையில் ஏறும். கரும்பலகையில் எழுதிப்போட்டால் ஏறாது.

குழு வேலையில் பெரிய தொல்லை, ஒரே பிள்ளை எல்லாவற்றையும் பிடுங்கிச் செய்வது. சத்தமில்லாத பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், தாள் எடுத்துக் கொடுப்பதோடு நின்றுவிடுவார்கள். டேப்பை ஒருவர் மட்டும்தான் தொடலாம், திட்டம் வரைந்தவர் ஒட்டக் கூடாது, இரண்டாம் நாள் பொறுப்பு மாற வேண்டும் என்று விதி வையுங்கள். இதில் மட்டும் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள்.

பரிசு கொடுப்பதானால் அதிக எடை தாங்கிய குழுவைத் தேட வேண்டாம். முதல் நாளைவிட இரண்டாம் நாள் யாருக்கு அதிக பாட்டில் கூடியதோ அவர்களுக்குக் கொடுங்கள்.