பால் வாங்க இறங்கியவன்

கேள்வி: எனக்கு 26 வயது. ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை. கை கணக்கு எழுதினாலும் மனசுக்குள் நான் பெரிய திரைக்கதை ஆசிரியர், விருது வாங்குகிறேன், பேட்டி கொடுக்கிறேன். போன வாரம் ‘பில்லி லையர்’ படம் பார்த்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. கடைசியில் ரயிலை விட்டுவிட்டு வீட்டுக்கே திரும்புகிறானே, நானும் அப்படித்தான் ஆவேனா? பகல்கனவை எப்படி நிறுத்துவது?

பதில்: நிறுத்தச் சொல்ல மாட்டேன். படம் பார்க்காதவர்களுக்காக: 1963ல் ஜான் ஷ்லெசிங்கர் இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம் அது. வட இங்கிலாந்து நகரம் ஒன்றில், சவ அடக்கம் செய்து தரும் கம்பெனியில் பில்லி குமாஸ்தா. டாம் கோர்ட்னி நடித்திருப்பார். அவன் மண்டைக்குள் அம்ப்ரோசியா என்று ஒரு நாடு, அங்கே படை, ஊர்வலம் எல்லாம் உண்டு, தலைவன் அவன்தான். அந்த நாடு திரையில் வரும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாகவே இருக்கிறது.

அவனைக் கவிழ்த்தது அம்ப்ரோசியா கிடையாது, காலண்டர்கள். வாடிக்கையாளர்களுக்கு அனுப்பச் சொல்லிக் கொடுத்த காலண்டர்களை அனுப்பாமல், தபால் காசையும் செலவழித்துவிட்டு, கட்டுக்கட்டாக ஒளித்து வைத்திருக்கிறான், பிறகு ஆபீஸ் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விடுகிறான். இரண்டு பெண்களிடம் திருமணம் செய்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறான், மோதிரம் ஒன்றுதான். உங்கள் கடிதத்தில் இப்படி எதுவும் இல்லை, அதனால் அந்தப் பயத்தை விடுங்கள்.

ஆனால் அந்த ஸ்டேஷன் காட்சியை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். லண்டன் போய் எழுத்தாளனாக வேண்டும் என்ற ஆசையில் அவன் ரயிலில் ஏறி உட்கார்ந்தே விட்டான், பக்கத்தில் ஜூலி கிறிஸ்டி நடித்த லிஸ், அவனை முழுசாகப் புரிந்துகொண்ட ஒரே ஆள். கிளம்ப இன்னும் சில நிமிடம் இருக்கும்போது பால் வாங்கி வருகிறேன் என்று இறங்குகிறான். காசு போட்டால் பால் தரும் இயந்திரத்தின் முன் நின்று நேரத்தைக் கடத்துகிறான். திரும்பி வரும்போது ரயில் நகர்ந்துவிட்டது, அவன் சூட்கேஸோ பிளாட்பாரத்தில் இருக்கிறது. இவன் வரமாட்டான் என்று லிஸ்ஸுக்குத் தெரிந்திருக்கிறது! லண்டன் போனால் கற்பனை நாடு போதாது, உண்மையாகவே எழுதிக் காட்ட வேண்டும், அந்தப் பயம்தான் அவனைக் கீழே இறக்கியது என்று நினைக்கிறேன்.

இப்போது நீங்கள் சொல்லாமல் விட்டதைக் கேட்கிறேன். விருது, பேட்டி எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், சரி, திரைக்கதை எத்தனை பக்கம் ஆகியிருக்கிறது?

இந்தக் கதையை 1959ல் நாவலாக எழுதிய கீத் வாட்டர்ஹவுஸ் லீட்ஸ்காரர். பள்ளிப் படிப்பைச் சீக்கிரமே விட்டுவிட்டு, சின்ன வயதில் சவ அடக்க அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தவர். அப்புறம் உள்ளூர்ப் பத்திரிகையில் சேர்ந்தார், பிறகுதான் லண்டன். பில்லி உட்கார்ந்த மாதிரியான மேஜையில் உட்கார்ந்தவர்தான் பில்லியையே எழுதினார். ஆகவே உங்கள் கணக்கு வேலையைக் குறை சொல்லாதீர்கள், ராஜினாமாவும் வேண்டாம்.

மனசில் அடிக்கடி ஓடும் ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். விருது வாங்கும் காட்சி வேண்டாம், கதையில் வரும் காட்சி. வேலைக்குக் கிளம்பும் முன் அரை மணி நேரம், தாளில். முதல் நாள் எழுதியது கண்றாவியாக இருக்கும், மனசில் பார்த்தது போல் வராது, அப்போதுதான் உங்களுக்கும் ‘பால் வாங்கி வரலாமே’ என்று தோன்றும், மேஜையைத் துடைக்கலாம், போனைப் பார்க்கலாம் என்று கை பரபரக்கும். எழுந்திருக்காதீர்கள். முடித்ததும் முகத்துக்கு நேரே உண்மை சொல்லும் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள்.

அப்புறம் எனக்கு மறுபடி எழுதுங்கள். எத்தனை பக்கம் என்று மட்டும் சொன்னால் போதும்.