சின்ன வயசு நடத்தையை வச்சே மனச்சிதைவு வரும்னு சொல்ல முடியுமா?

கேள்வி கேட்டவங்க மகனுக்கு ஆறு வயசு, தனியா பேசிக்கிட்டே விளையாடுறானாம், தாய்மாமனுக்கு ஸ்கிசோஃப்ரீனியா, அதான் மனச்சிதைவு நோய், இருக்கதால பயமா இருக்குன்னு எழுதியிருக்காங்க. நான் டாக்டர் இல்லீங்க, என் தம்பிக்கு இந்த நோய் இருக்கு, ஊரு மேலூர் பக்கம்.

ஆறு வயசுல தனியா பேசி விளையாடாத பிள்ளைதான் கம்மி. 13 வயசுக்குள்ள இந்த நோய் வர்றது ரொம்ப அபூர்வம், பெரும்பாலும் 18, 20க்கு மேலதான், பொம்பளைகளுக்கு இன்னும் கொஞ்சம் தள்ளி. பிரிட்டன்ல 1946ல பொறந்த பிள்ளைகளை வருசக்கணக்கா கவனிச்சதுல, பின்னாடி நோய் வந்தவங்க கொஞ்சம் லேட்டா நடந்திருக்காங்க, தனியா விளையாடத்தான் பிரியப்பட்டிருக்காங்கன்னு தெரிஞ்சது, ஆனா அதே மாதிரி இருந்த மத்த பிள்ளைகள்ல கிட்டத்தட்ட எல்லாருக்குமே ஒண்ணும் வரல, அதனால அதை வச்சு ஒரு பிள்ளையைப் பாத்து ஜோசியம் சொல்ல முடியாது.

தம்பிக்கு நோய்னு தெரிஞ்சதும் எங்க சித்தி "அவன் சின்னதுலயே ஒரு மாதிரிதானே"ன்னாங்க. அதுவரைக்கும் அவனைக் காட்டித்தான் தன் மகனை வைவாங்க, எப்படி அமைதியா இருக்கான் பாருன்னு!

பெரியாஸ்பத்திரில அம்மா அவன் லேட்டா பேசினதுல இருந்து ஆரம்பிக்க, டாக்டர் "அது இருக்கட்டும்மா, எப்ப இருந்து மாறினான்?"னு கேட்டாரு. மாறினது பாலிடெக்னிக் படிக்கையில. கிரிக்கெட்டை விட்டான், குளிக்கிறதில்ல, ராத்திரி பூரா முழிப்பு, அப்புறம் ஃபேன் சத்தத்துக்குள்ள பக்கத்து வீட்டாளுக தன்னைப் பத்தி பேசுறாங்கன்னு சித்திரை மாச வெக்கையில ஃபேனை ஆஃப் பண்ணிட்டு வேர்த்து ஊத்த உக்காந்திருப்பான். பாண்டி கோயிலுக்கும் போனோம், ஆஸ்பத்திரிக்கும் போனோம். ரத்த டெஸ்ட், ஸ்கேன் எல்லாம் வேற வியாதி இருக்கான்னு பாக்கத்தான், இந்த நோயை அதுல காட்டாது. குரல் கேக்குறது, சந்தேகம் மாதிரி அறிகுறி ஒரு மாசமாவது, மொத்த பாதிப்பு ஆறு மாசமாவது இருக்கான்னு வீட்டாளுககிட்ட தோண்டித் தோண்டிக் கேட்டுத்தான் முடிவு பண்ணாங்க.

பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு இருந்தா பிள்ளைக்கு வர 100ல 10 மாதிரி வாய்ப்பு, தாய்மாமன்னா அதைவிடக் குறைவு. நல்லாப் பேசிட்டிருந்தவன் பேச்சைக் குறைச்சாலோ, இல்லாத குரலுக்குப் பயந்து நடுங்கினாலோ காட்டுங்க, அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர் 14416க்கு ஃப்ரீயா கூப்பிட்டு தமிழ்லயே கேக்கலாம். வளந்தப்புறம் கஞ்சா பக்கம் மட்டும் போகாமப் பாத்துக்கங்க, குடும்பத்துல இந்த நோய் இருக்கவங்களுக்கு அது ரொம்ப ஆபத்து.