கபாபென்டினைச் சட்டென்று நிறுத்தாதீர்கள்

சர்க்கரையால் வந்த கால் எரிச்சலுக்கு அம்மா கபாபென்டின் 300 மி.கி. மூன்று வேளை எடுக்கிறார், தலைசுற்றுகிறது, நாளையே நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். வலிக்காகக் கொடுத்தாலும் இது வலிப்பு மருந்து. திடீரென்று விட்டால் தூக்கமின்மை, பதற்றம், சிலருக்கு வலிப்பே வரலாம். மருத்துவர் குறைந்தது ஒரு வாரம் எடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்.

எனக்குக் கவலை அவருடைய சிறுநீரகம்தான். இந்த மருந்து கல்லீரலில் சிதையாமல் அப்படியே சிறுநீரில் வெளியேறுகிறது. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் உடம்பில் தேங்கி இதே தலைசுற்றலைத் தரும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? நாளைக்கே மருத்துவரிடம் பேசுங்கள்.

அப்புறம், நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசில் குடித்தால் 2 மணி நேரம் கழித்தே கபாபென்டின் மாத்திரை. டிரமடால் என்ற வலி மருந்தோ தூக்க மாத்திரையோ இதோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாகலாம். எழுப்பியும் எழவில்லையென்றால் உடனே 108. இரவில் கழிவறைக்குத் தனியாக அனுப்பாதீர்கள்.