907 ஆட்டம்: கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணே,

போன மாசம் நீங்க எழுதுன ஐஸ் ஹாக்கி கட்டுரைல போற போக்குல ரான் ஹெய்ன்ஸின்னு ஒரு டிஃபென்ஸ் ஆட்டக்காரர் பேர சொல்லி "டொராண்டோ வந்து நான் காசு குடுத்து வாங்குன ஒரே ஜெர்சி இவரோடதுதான்"னு எழுதியிருந்தீங்க. நான் கோவில்பட்டிக்காரன், ஸ்கூல்லயும் காலேஜ்லயும் நம்ம தரை ஹாக்கில ஃபுல் பேக் ஆடுனவன், அதனால டிஃபென்ஸ்னு பாத்ததும் சும்மா இருக்க முடியாம தேடிப் படிச்சேன். என்ஹெச்எல்னு அங்க இருக்குற பெரிய லீக்ல 907 ஆட்டம் ஆடியும் ப்ளேஆஃப் பக்கமே போகாத மனுஷன் 36 வயசுல கப்பு தூக்குனார்னு படிச்சதும் கண்ணு கலங்கிருச்சு அண்ணே. நானும் 19 வருஷத்துல ஆறு கம்பெனி மாறிட்டேன். என் பையன்கிட்ட இவர் கதைய சொல்லி "பொறுமையா இருந்தா ஒருநாள் கிடைக்கும்டா"ன்னேன். அவன் "அப்ப கிடைக்காதவங்களுக்கெல்லாம் பொறுமை இல்லியாப்பா"ன்னு கேட்டுட்டு விளையாடப் போயிட்டான். எனக்கு பதில் வரல.

இவர எல்லாரும் ஜர்னிமேன்னு எழுதுறாங்களே, அது பாராட்டா திட்டா? அப்புறம், இத்தன ஸ்டார் இருக்குற ஊர்ல நீங்க ஏன் இவர் ஜெர்சிய வாங்குனீங்க?

கே., கோவில்பட்டி

*

அன்புள்ள கே.,

உங்க பையன் சரியான இடத்துல புடிச்சிருக்கான். அதுக்கு கடைசில வரேன், முதல்ல அந்த வார்த்தை.

ஜர்னிமேன்னதும் பயணம் போறவன்னு நாம நினைச்சுக்குறோம், ஆனா அந்த ஜர்னி பிரெஞ்சுல ஒரு நாள், ஒரு நாள் வேலைங்கற வார்த்தைல இருந்து வந்தது. தொழில் முழுசா கத்துகிட்டவன், ஆனா சொந்தப் பட்டறை கிடையாது, இன்னொருத்தர் பட்டறைல நாள்கூலிக்கு வேலை பாப்பான், அவனுக்குத்தான் அந்தப் பேரு. நம்ம ஊர்ல நல்ல கொத்தனார் இருப்பாரு பாருங்க, கான்ட்ராக்டர் அவர் இல்ல, வீடும் அவர் வீடு இல்ல, ஆனா தூக்குக்குண்டு அவர் கைல இருந்தா சுவரு சாயாது. அதனால நான் அத திட்டா எடுத்துக்குறதில்ல. இங்க டிவில பேசுறவங்க சில பேரு அத கொஞ்சம் இளக்காரமாத்தான் சொல்றாங்க, அது வேற விஷயம்.

இப்ப ஹெய்ன்ஸி. அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலத்துக்காரர், 1981ல பொறந்தவர். டீமுங்க முறை போட்டு புதுப் பசங்கள எடுக்குற டிராஃப்ட்ல, 2000ல, மான்ட்ரியல் இவர 13வது ஆளா எடுத்தாங்க, அதாவது உலகம் பூரா அந்த வருஷம் அள்ளுன பசங்கள்ல 13வது. அப்ப யாரும் இவர ஜர்னிமேனா நினைக்கல, பெரிய ஆளா வருவான்னுதான் எடுத்தது. ஆனா மான்ட்ரியல்ல நிலைக்கல, பெரும்பாலும் கீழ் லீக்ல, ஏஹெச்எல்லதான் ஆட விட்டாங்க. 2004-05ல முதலாளிங்க லாக்அவுட் பண்ணி அந்த சீசனே நடக்கல, அப்பவும் கீழ் லீக்லதான். 2005 நவம்பர்ல இவர வெய்வர்ஸ்ல போட்டாங்க. வெய்வர்ஸ்னா வேற ஒன்னுமில்ல, "இந்த ஆள கீழ அனுப்பப் போறோம், வேணுங்கறவங்க 24 மணி நேரத்துக்குள்ள எடுத்துக்கலாம்"னு மத்த எல்லா டீமுக்கும் போர்டு மாட்டுறது. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி 13வதா எடுத்த ஆளு, பதிலுக்கு ஒரு ஆளக்கூட கேக்காம வாசல்ல வச்சுட்டாங்க, கொலம்பஸ் தூக்கிட்டுப் போச்சு.

இதுக்கப்புறம்தான் நீங்க கண்ணு கலங்குன பகுதி, எனக்கு அத படிக்கும்போது சிரிப்புத்தான் வந்துச்சு. கொலம்பஸ்ல 2008 வரைக்கும் ஆடுறார், ப்ளேஆஃப் இல்ல. அங்கருந்து அட்லாண்டாவுக்கு போறார். இவர் கிளம்புன அடுத்த சீசன்லயே, 2009ல, கொலம்பஸ் அவங்க சரித்திரத்துலயே முதல் தடவையா ப்ளேஆஃப் போகுது. அட்லாண்டா? அந்த டீம் இருந்த காலம் பூரா ஒரே ஒரு தடவைதான் ப்ளேஆஃப் போச்சு, அது 2007ல, இவர் போறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி. சரி அதாச்சும் போகட்டும்னா 2011ல அந்த டீமையே வித்து வின்னிபெக்குக்கு கொண்டு போயிட்டாங்க, இவரும் பெட்டி படுக்கையோட கூடவே போறார். 2013ல வின்னிபெக்க விட்டு வரார், 2015ல வின்னிபெக் ப்ளேஆஃப் போகுது. அடுத்து கரோலினா, அங்க நாலு சீசன், ஒன்னும் நடக்கல, இவர் போனப்புறம் 2019ல அவங்களும் போயிட்டாங்க. லீக்ல அப்ப 30 டீம், அதுல 16 டீம் ப்ளேஆஃப் போகும், பாதிக்கு மேல. கண்ண மூடிட்டு ஒரு டீம தொட்டாக்கூட போயிருக்கலாம். நம்ம ஊரா இருந்தா இந்நேரம் "இவன் கால் வச்ச எடம் வெளங்காது"ன்னு பேரு வச்சு, எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டிருப்பாங்க.

ஒன்னு சொல்லிடுறேன், இதுல பரிதாபப்பட ஒன்னும் இல்ல. அட்லாண்டாவுல போட்ட அஞ்சு வருஷ ஒப்பந்தம் 22.5 மில்லியன் டாலர். நீங்களும் நானும் கண்ணு கலங்க வேண்டிய நிலைமைல அவர் இல்ல. நெஜமா வயித்துப்பாட்டுக்கு ஊர் ஊரா அலையுற டிஃபென்ஸ்மேன பாக்கணும்னா ஏஹெச்எல்லுக்கும் கீழ ஈசிஹெச்எல்னு ஒன்னு இருக்கு, அங்க போய் பாக்கணும், ராத்திரி பூரா பஸ்ல தூங்கி காலைல இறங்கி ஆடுற பசங்க, முப்பது வயசு வரைக்கும் ஆடியும் மேல ஒரு ஆட்டம்கூட கிடைக்காதவங்க அங்க எக்கச்சக்கம். அவங்க கூட வச்சுப் பாத்தா ஹெய்ன்ஸி கொடுத்து வச்சவர்.

ஆனா காசு இருந்தும் நெலம அவர் கைல இல்லங்கறதும் உண்மைதான். 2012ல முதலாளிங்க மறுபடி லாக்அவுட் பண்ணப்போ வீரர்கள் சங்கத்து சார்பா பேச்சுவார்த்தைல உக்காந்த ஆளுங்கள்ல இவரும் ஒருத்தர். அந்த 2013 கோடைல ஒப்பந்தம் முடிஞ்சதும் ஜூலை போச்சு, ஆகஸ்ட் போச்சு, யாரும் கூப்பிடல. ரெண்டையும் முடிச்சு போட்டு பேசுனவங்க உண்டு, நான் போட மாட்டேன். செப்டம்பர்ல கரோலினா டிஃபென்ஸ்மேன் ஜோனி பிட்கானென் குதிகால் எலும்பு காயத்துல அந்த சீசனே ஆட முடியாதுன்னு ஆனப்புறம்தான் இவருக்கு ஃபோன் வந்துச்சு, ஒரே வருஷத்துக்கு, 2 மில்லியனுக்கு. அடுத்தவன் குதிகால்ல இவர் வேலை. இத மனசுல வச்சுக்கங்க, மறுபடி வரும்.

2017 பிப்ரவரி 23, கரோலினா இவர பிட்ஸ்பர்க்குக்கு ட்ரேட் பண்ணிருச்சு. அப்ப கணக்கு 891 ஆட்டம். பிட்ஸ்பர்க்ல 16 ஆடி 907. ஏப்ரல்ல பிட்ஸ்பர்க்கோட முதல் நம்பர் டிஃபென்ஸ்மேன் கிரிஸ் லெடாங்குக்கு கழுத்துல டிஸ்க் பிரச்சனை, ஆபரேஷன், சீசன் காலி. டிஃபென்ஸ்மேனுங்க ரெண்டு ரெண்டு பேரா மூணு ஜோடி, அதுல மூணாவது ஜோடில ஓரமா நிப்பார்னு கூட்டிட்டு வந்த கிழவர முதல் ஜோடில பிரையன் டூமுலின் பக்கத்துல நிறுத்திட்டாங்க. முதல் ப்ளேஆஃப் ஆட்டம் யாரு கூட தெரியுமா? வாசல்ல கிடந்தப்போ தூக்கிட்டுப் போச்சே, அதே கொலம்பஸ். அவங்கள ஜெயிச்சு, வாஷிங்டன ஏழு ஆட்டத்துல ஜெயிச்சு, ஒட்டாவாவ ஏழாவது ஆட்டத்துல ரெண்டாவது ஓவர்டைம்ல ஜெயிச்சு, ஜூன் 11 நாஷ்வில்ல 2-0, கப்பு. கேப்டன் சிட்னி கிராஸ்பி ஸ்டான்லி கப்ப வாங்கித் தூக்கிட்டு முதல் ஆளா யார்கிட்ட குடுத்தார்னா இவர்கிட்டதான். கிட்டத்தட்ட 16 கிலோ வெள்ளி.

இப்ப உங்க பையன் கேள்வி. கரோலினாவுல ஹெய்ன்ஸியோட அந்த நாலு சீசனும் ஒரே ரூம்ல ஜட்டி சட்டை மாத்துன ஃபார்வர்ட் ஒருத்தர், ஜெஃப் ஸ்கின்னர். ஹெய்ன்ஸியோட 907ங்கற ரெக்கார்ட உடைச்சது அவர்தான். 1,078 ஆட்டம் கழிச்சு 2025 ஏப்ரல்ல எட்மன்டனுக்காக முதல் ப்ளேஆஃப் ஆடுனார். எட்மன்டன் ஃபைனல் வரைக்கும் போச்சு, ஃப்ளோரிடாகிட்ட தோத்துச்சு. ஹெய்ன்ஸிய விட 171 ஆட்டம் அதிகமா பொறுத்தவருக்கு கப்பு கிடைக்கல. அப்ப பொறுமைக்கு கூலின்னு இதுல எங்க இருக்கு சொல்லுங்க? ஒரு டீம் மாற்றம், ஒருத்தன் கழுத்து, ஒட்டாவா ஆட்டத்துல பிட்ஸ்பர்க்காரர் குனிட்ஸ் அடிச்ச பக், அதான் பந்துக்கு பதிலா இருக்குற ரப்பர் வட்டு, உள்ள போனது. பையன்கிட்ட நேரா "நீ கேட்டது சரிடா, எனக்குத்தான் சரியா சொல்லத் தெரியல"ன்னு சொல்லிடுங்க, ஒன்னும் குறைஞ்சிட மாட்டீங்க.

அந்த 907ஐயே எல்லாரும் காத்திருந்த கணக்கா எழுதுறாங்க பாருங்க, அதான் எனக்கு ஒட்டாத விஷயம். பஸ் ஸ்டாண்டுல நின்னவரா அவரு? 907 தடவை ஏதோ ஒரு கோச் சாயங்காலம் பேப்பர எடுத்து ஆறு டிஃபென்ஸ்மேன் பேரு எழுதும்போது இவர் பேரையும் எழுதியிருக்கான். மான்ட்ரியல்காரன் எப்பவாச்சும்தான் எழுதுனான், கொலம்பஸ்காரன் எழுதுனான், அட்லாண்டாகாரன் எழுதுனான், டீம் தோத்துகிட்டே இருந்தப்பவும் மறுநாளும் எழுதுனான். அது எதுக்குன்னு பாக்கத்தான் எனக்கு ஆசை.

ஜெர்சி கதை இதுதான். கப்பு ஜெயிச்ச கையோட அவர் டொராண்டோ வந்தார், ரெண்டு வருஷம், 2ம் நம்பர். ஆபீஸ்ல ஒருத்தர் டிக்கெட் வேணாம்னு குடுத்ததால 2018 ஆரம்பத்துல ஒரு ராத்திரி ஏர் கனடா சென்டருக்கு போனேன், மேல கடைசிக்கு முந்துன வரிசை, ஆளுங்க எறும்பாத்தான் தெரிவாங்க. மேல இருந்து பாத்தாத்தான் டிஃபென்ஸ் புரியும், டிவில கேமராக்காரன் பக்க மட்டுமே துரத்துவான். எங்க ஆளு ஒருத்தன் பெனால்டில உள்ள போயிட்டான், ரெண்டு நிமிஷம் நாலு பேரு அஞ்சு பேர சமாளிக்கணும். ஹெய்ன்ஸி இடதுகை ஆட்டக்காரர், ஆனா கூட ஆடுற மார்கன் ரைலி இடது பக்கம் ஆடுறதால இவர் வலது பக்கம் ஆடணும். நீங்க ஃபுல் பேக், உங்களுக்கு சட்டுனு புரியும், பலகை ஓரமா வர்ற பக்கு எல்லாம் பின்கைக்குத்தான் வரும். 36 வயசுல அதுவும். எதிராளி பக்க வச்சுகிட்டு உள்ள வா வான்னு இழுக்குறான். சின்ன வயசு டிஃபென்ஸ்மேனா இருந்தா பாய்ஞ்சிருப்பான். இவர் நகரல. சும்மா ரெண்டு அடி பின்னால வழுக்கி, ஒரு முட்டிய லேசா மடிச்சு, ஸ்டிக்க ஐஸ் மேல படுக்கப் போட்டார், வாசப்படிக்கு குறுக்க வெளக்கமாத்த சாய்க்குற மாதிரி. அவ்வளவுதான். எதிராளி குறுக்க தள்ளுன பக்கு அந்த கட்டைல போய் டக்குனு பட்டுச்சு, எடுத்து அந்தக் கோடிக்கு அனுப்பிட்டு பெஞ்சுக்கு போய் உக்காந்துட்டார். மொத்தமா ஒரு 40 செகண்ட். கூட்டம் கைதட்டல, பாதி பேரு ஃபோன பாத்துகிட்டிருந்தான். பக்கத்து சீட்ல ஒரு வெள்ளக்கார தாத்தா மட்டும் பாப்கார்ன் வாயோட "குட் ஸ்டிக்"னு முணுமுணுத்தார். எனக்கு சொன்னதில்ல, அவருக்கே சொல்லிகிட்டது. கீழ இறங்கும்போது கடைல 2ம் நம்பர் இருந்துச்சு, என் சைஸ்ல இல்ல, ஒரு சைஸ் பெருசு, வாங்கிட்டேன். இன்னும் தொளதொளன்னுதான் போட்டுகிட்டு திரியுறேன்.

டொராண்டோ ஜனங்களுக்கு அவர் மேல கடுப்புதான் ஜாஸ்தி, இந்த வயசான ஆள ஏன் கோச் முதல் ஜோடில ஆட வைக்குறான்னு. நியாயம் இல்லாம இல்ல, வேகமான பசங்க பக்கத்துல கடந்து போறப்போ பாக்க எனக்கே கஷ்டமா இருக்கும். ரெண்டு வருஷமும் முதல் ரவுண்ட்ல பாஸ்டன்கிட்ட ஏழாவது ஆட்டத்துல தோத்தோம். அப்புறம் அவர் ஒட்டாவாவுல ஒரு சீசன் ஆடி 1,132 ஆட்டத்தோட நிறுத்திட்டார். இப்ப அதே வீரர்கள் சங்கத்துல நிர்வாகப் பொறுப்புல இருக்கார்.

ஒன்னு எழுத விட்டுட்டேன். ஃபுல் பேக்குக்கு யார் கோல் கணக்கு பாப்பான்னு நீங்க நினைக்கலாம். அந்த 2017 ஃபைனல் அஞ்சாவது ஆட்டத்துல ஹெய்ன்ஸியும் ஒன்னு அடிச்சார். பிட்ஸ்பர்க் 6-0ன்னு ஜெயிச்ச ஆட்டம், இவர் அடிச்சது அந்த ஆறாவது. பந்தி முடிஞ்சு இலை எடுக்குற நேரத்துல வந்த பாயாசம். கோவில்பட்டி கிரவுண்ட்ல அந்த மாதிரி கோலுக்கு ஏதாச்சும் பட்டப்பேரு இருந்தா எழுதுங்க.