நாற்காலியைத் தூக்கிய ஆட்டக்காரர்

கேள்வி: ஆஸ்திரிய கால்பந்து வீரர் டேவிட் அலாபாவின் படங்களில் அடிக்கடி ஒரு நாற்காலி வருகிறதே, ஏன்?

பதில்: 2022 மார்ச்சில் பாரிஸ் அணிக்கு எதிராக அவருடைய ஸ்பெயின் கிளப்பான ரியல் மாட்ரிட் ஆடிய ஆட்டம். சக வீரர் பென்சிமா கோல் போட்ட சந்தோஷத்தில், மைதான ஓரத்தில் கிடந்த வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலியை அலாபா இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினார். கோல் போட்டவரை விட்டுவிட்டு எல்லோரும் நாற்காலியைப் பற்றியே பேசினார்கள்! அந்த ஆண்டு ரியல் மாட்ரிட் ஐரோப்பிய கிளப்களுக்கான சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்றபோதும் கையில் நாற்காலிதான்.

ஆனால் ஆளை நாற்காலியோடு நிறுத்திவிடாதீர்கள். வியன்னாக்காரர், அப்பா நைஜீரியா, அம்மா பிலிப்பைன்ஸ். 17 வயதிலேயே தேசிய அணி. ஜெர்மன் கிளப்பான பேயர்ன் மியூனிக்கில் 10 லீக் பட்டங்கள். கிளப்பில் பெரும்பாலும் தடுப்பாட்டம், நாட்டுக்கு ஆடும்போது பல நேரம் நடுக்களம். இப்படி இடம் மாறி மாறி ஆடுவது லேசான காரியமில்லை.

2023 டிசம்பரில் இடது முழங்கால் தசைநார் கிழிந்தது. திரும்பிவர 13 மாதம். நடுவில் ஐரோப்பிய நாடுகள் மோதும் 2024 யூரோ போட்டி வந்தது. ஆட முடியாது, சரி, வீட்டில் உட்கார்ந்தாரா? ஆடாத கேப்டனாக ஆஸ்திரிய அணியோடு, போட்டி நடந்த ஜெர்மனிக்குக் கிளம்பிவிட்டார். கோப்பைகளைவிட எனக்குப் பிடித்தது அதுதான்.