புதைபடிவத் தும்பிகளை எப்படி வகைப்படுத்திப் பெயர் வைக்கிறார்கள்?

பாறையில் பதிந்து கிடைக்கும் பழங்காலத் தும்பியே புதைபடிவத் தும்பி. மென்மையான உடல் சீக்கிரம் அழுகிவிடும். பெரும்பாலும் இறக்கைதான் மிஞ்சும், அதுவும் பல நேரம் ஒரு துண்டு. ஆச்சரியம் என்னவென்றால், அந்தத் துண்டே நிறையச் சொல்லிவிடும். இறக்கை நரம்புகள் எங்கே பிரிகின்றன, எங்கே சேர்கின்றன என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். உதிர்ந்த இலையின் நரம்பைப் பார்த்து மரத்தைச் சொல்வது போலத்தான்.

அறிவியல் பெயரில் முதல் சொல் பேரினம் (நெருங்கிய உறவினங்களின் குழு), அடுத்தது சிற்றினம் (அதற்குள் ஒரு குறிப்பிட்ட வகை). ஒரே பூச்சிக்கு இரண்டு பெயர் வந்துவிட்டால், பொதுவாக முதலில் வெளியானதே நிற்கும்.

அப்புறம், பிரான்சில் கிடைத்த, சுமார் 65 செ.மீ. இறக்கை விரிப்புள்ள மெகாநியூரா என்ற பழங்காலப் பூச்சியை 'ராட்சதத் தும்பி' என்பார்கள். இன்றைய தும்பிகளின் இறக்கை முன்விளிம்பில் உள்ள கணு (மூட்டு போன்ற சிறு வெட்டு) அதற்குக் கிடையாது, எனவே அது மெகானிசாப்டெரா என்ற தனி வரிசையை (பல குடும்பங்கள் அடங்கிய பெரிய பிரிவை) சேர்ந்த, தும்பிகளின் உறவுப் பூச்சி.