புது காஸ்டிங் (செலவுக் கணக்கு) முறை ஏன் ஆறு மாதத்தில் படுத்துவிடுகிறது?

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் மெஷினிங் செய்யும் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். ஓவர்ஹெட்டை, அதாவது பொதுச் செலவுகளை, வேலைவாரியாகப் பிரிக்கும் ஏபிசி (Activity-Based Costing) முறையை ஆலோசகர் வைத்துக் கொண்டுவந்தோம். ஆறே மாதத்தில் சூப்பர்வைசர்கள் விவரம் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். சாஃப்ட்வேரை மாற்றலாமா?

பதில்: மாற்ற வேண்டாம், அது வீண் செலவு. ஏபிசி எங்கே வேரூன்றுகிறது என்று கணக்கியல் ஆய்வாளர் மைக்கேல் ஷீல்ட்ஸ் 1995-ல் வெளியிட்ட ஆய்வில் மேலிடத்து ஆதரவு, பயிற்சி, ஊழியர் மதிப்பீட்டோடு இணைப்பு, கணக்குத் துறைக்கு வெளியே உள்ளவர்கள் அதைத் தங்களுடையதாக ஏற்பது ஆகியவைதான் வெற்றியோடு சேர்ந்து வந்தன. சாஃப்ட்வேர் அந்த வரிசையில் இல்லை.

உங்கள் சூப்பர்வைசர் இடத்திலிருந்து பாருங்கள். ஷிப்டுக்கு எத்தனை பீஸ் இறங்கியது என்றுதான் அவரைக் கேட்கிறார்கள், இன்சென்டிவும் அதற்குத்தான். அடுத்த வேலைக்காக மெஷினின் செட்டிங் மாற்ற ஒன்றரை மணி நேரம் ஆனதை ஜாப் கார்டில் உள்ளபடி எழுதினால், மெஷின் சும்மா நின்றதாகத் திட்டு விழும். பிறகு ஏன் எழுதுவார்? குத்துமதிப்பாக எழுதுவார், கொஞ்ச நாளில் அதையும் விடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் உங்களுக்கு வேண்டியதே அந்த ஒன்றரை மணி நேரம்தான். மெஷின் ஹவர் ரேட், அதாவது மெஷினுக்கு மணிக்கு ஆகும் செலவு, 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு செட்டிங்குக்கு 900 ரூபாய். ஒரே செட்டிங்கில் ஓட்டும் லாட் 1,000 பீஸ் என்றால் பீஸுக்கு 90 பைசா, 50 பீஸ் லாட்டில் 18 ரூபாய். ஓவர்ஹெட்டை மெஷின் ஓடிய நேரத்தை வைத்து மட்டும் பங்கிட்டால் இந்த வித்தியாசம் மறைந்துபோய், சின்ன ஆர்டரை நஷ்டத்துக்குக் கொட்டேஷன் போட்டுவிடுவீர்கள்.

எனவே முதலில் இன்சென்டிவ் கணக்கில் செட்டிங் நேரத்தைத் தனியாகக் கழித்துவிடச் சொல்லி முதலாளியிடம் பேசுங்கள். அதற்கு அவர் இசையாவிட்டால் மற்ற எதைச் செய்தும் பயனில்லை.

அடுத்து, படிவங்களைக் குறையுங்கள். கணக்கியல் நிபுணர்கள் கேப்லனும் ஆண்டர்சனும் 2004-ல் முன்வைத்த ஏபிசியின் எளிய வடிவத்துக்கு இரண்டே எண்கள் போதும்: ஒரு நிமிடத்துக்கு ஆகும் செலவு, ஒரு வேலை எடுக்கும் நிமிடங்கள். அந்த நிமிடங்களை மெஷின் பக்கத்தில் நின்று நீங்களே அளந்துவிடலாம். தினமும் யாரும் எழுதித் தர வேண்டியதில்லை.

சின்ன லாட் அதிகம் ஓடும் ஓரிரு மெஷின்களில் மட்டும் தொடங்குங்கள். அங்கிருந்து வரும் எண்ணை வைத்து அடுத்த கொட்டேஷன் போடும்போது அந்த சூப்பர்வைசரையும் கூட உட்கார வையுங்கள்.